பழைய எஸ்.எம்.பி.எஸ். புதிய கார்டைத் தாங்குமா?

கணிப்பொறி வைத்திருப்போர் பலருக்கும் ஒரு நாள் எழும் கேள்வி இது. முப்பரிமாணப் படங்கள் வரையவோ, புதிய விளையாட்டுகளை ஓட்டவோ பழைய கிராபிக்ஸ் கார்டு போதவில்லை. புதிய கார்டு வாங்கப் பணமும் சேர்ந்துவிட்டது. கடைக்குப் போனால், கடைக்காரர் கார்டை எடுத்து வைக்கும் முன்பே, "உங்கள் எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்கிறார்.

"இன்னொரு சாமானையும் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்று சிலர் எண்ணுவர். "எட்டு வருஷமாக ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது, அதை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று வேறு சிலர் கேட்பர்.

இரண்டாவது வாதம் நியாயமானதாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. பழைய மரப்பாலம் ஒன்றின் மீது எட்டு ஆண்டுகளாக மாட்டு வண்டிகள் போய் வந்திருக்கின்றன என்றால், மாட்டு வண்டியை அது தாங்கியது என்பது மட்டுமே நமக்குத் தெரியும். நாளை வரும் லாரியைத் தாங்குமா என்பதை அந்த எட்டு ஆண்டுகள் சொல்லமாட்டா. லாரியின் எடை என்ன, பாலத்தின் மரம் எவ்வளவு உளுத்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். கணிப்பொறியின் மின்பெட்டிக்கும் இதே வழிதான். உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் மின்னியலைக் கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். எப்படி என்று காண்போம்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். வினாடிக்கு 50 முறை அது ஒரு முழுச் சுழற்சியை முடிக்கிறது. கணிப்பொறியின் உறுப்புகளுக்கோ தாழ்ந்த மின்னழுத்தமுள்ள நேர்திசை மின்சாரம் வேண்டும். முக்கியமாக 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்ற மூன்று அளவுகள் தேவை. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் வழங்கும் மின்பெட்டியின் வேலை.

230 வோல்ட்டை மின்மாற்றியின் மூலம் நேராக 12 வோல்ட்டாகக் குறைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். குறைக்கலாம்; ஆனால் 50 சுழற்சியில் 300 வாட் தரக்கூடிய மின்மாற்றி பல கிலோகிராம் எடையுள்ளதாக இருக்கும். மின்மாற்றியின் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் காந்தப்பாயம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்று 1831-இல் பாரடே கண்டறிந்தார். எனவே அதிர்வெண்ணைப் பல மடங்கு உயர்த்தினால், சிறிய கருவும் சில சுற்றுகளும் கொண்டே அதே மின்னழுத்தத்தைப் பெறலாம்.

எஸ்.எம்.பி.எஸ். இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. முதலில் அலைதிருத்திகள் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்குகின்றன. இதன் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். திறன் காரணியைச் சீர்செய்யும் சுற்றும் உடைய பெட்டிகளில் இது 380 முதல் 400 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. இந்த மின்சாரம் ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பிறகு டிரான்சிஸ்டர்கள் அதை வினாடிக்குப் பல்லாயிரம் முதல் லட்சம் முறை வரை விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. உள்ளங்கையில் அடங்கும் சிறிய மின்மாற்றி ஒன்று மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. வெளிவருவதை மீண்டும் திருத்தி, வேறு சில மின்தேக்கிகள் மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்கின்றன.

1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 என்ற கணிப்பொறியில் இவ்வகைப் பெட்டி இடம்பெற்றது. இன்று மேசைக் கணிப்பொறிகளில் காணும் பெட்டியின் அளவும் இணைப்புகளும், இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். விதிகளின் வழி வந்தவை. பல ஆண்டு பழைய பெட்டியின் வயர் இன்றைய மதர்போர்டிலும் பொருந்துவது இதனால்தான். ஆனால் வயர் பொருந்துவதாலேயே வலிமையும் பொருந்திவிடும் என்று கொள்ளக்கூடாது.

12 வோல்ட் ஏன் முக்கியம்?

கிராபிக்ஸ் கார்டின் மையச் சில்லு ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகிறது. அது 170 வாட் எடுத்தால், மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற வாய்பாட்டின்படி மின்னோட்டம் 170 ஆம்பியர் அளவுக்கு வரும். இவ்வளவு மின்னோட்டத்தைப் பெட்டியிலிருந்து கார்டு வரை வயரில் அனுப்ப முடியாது. எனவே 12 வோல்ட்டில் அனுப்பி, சில்லுக்கு மிக அருகில், கார்டின் மீதே உள்ள சிறு மாற்றிகளின் மூலம் 1 வோல்ட்டாகக் குறைக்கிறார்கள். மின்வாரியம் தொலைதூரத்துக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி, நம் தெரு மின்மாற்றியில் குறைப்பதும் இதே தத்துவந்தான்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். வயரிலும் இணைப்பிலும் சேர்ந்து 0.01 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 300 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 25 ஆம்பியர். வயரில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை, அதாவது 6.25 வாட். அதையே 5 வோல்ட்டில் அனுப்பினால் 60 ஆம்பியர் வேண்டும். வீணாவது 36 வாட். வயர் தொட முடியாதபடி சுட்டுவிடும்.

ஆகவே இக்காலக் கணிப்பொறியில் பெரும் சுமை எல்லாம் 12 வோல்ட் பாதையின் மீதே விழுகிறது. மதர்போர்டிலுள்ள செருகுவாய் கார்டுக்கு 75 வாட் வரை தரலாம். அதற்கு மேல் வேண்டுமானால் பெட்டியிலிருந்து தனி வயர் வரவேண்டும். 6 ஊசி இணைப்பி 75 வாட்டுக்கும், 8 ஊசி இணைப்பி 150 வாட்டுக்கும் வகுக்கப்பட்டவை. 2022-இல் வந்த 16 ஊசி இணைப்பி 600 வாட் வரை தாங்க வகுக்கப்பட்டது.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள சீட்டைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைக்கவேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு சீட்டு இவ்வாறு இருக்கலாம்:

3.3 வோல்ட் — 20 ஆம்பியர்
5 வோல்ட் — 20 ஆம்பியர்
மேற்கண்ட இரண்டும் சேர்ந்து 110 வாட்டுக்கு மிகாமல்
12 வோல்ட் — 27 ஆம்பியர்
மொத்தம் — 450 வாட்

"450 வாட்" என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கார்டுக்கும் மையச் செயலிக்கும் பயன்படுவது 12 × 27 = 324 வாட் மட்டுமே. மலிவான பெட்டிகள் சிலவற்றில் மேலே "500 வாட்" என்று அச்சிட்டு, கீழே 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். 12 × 16 = 192 வாட். அந்த "500 வாட்" பெட்டி, நம் 450 வாட் பெட்டியைவிட மிகவும் மெலிந்தது!

கூட்டல் கணக்கு

இனி ஓர் உண்மையான நிலைமையை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்ற கார்டு 75 வாட் அளவுடையது. அதற்குப் பதிலாக, 2021-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டைப் பொருத்த நினைக்கிறோம். இதன் அளவு 170 வாட். மையச் செயலி 65 வாட் வகை. மாற்றிகளில் வீணாவதையும் சேர்த்து அதற்கு 80 வாட் வைப்போம். விசிறிகளும் வட்டுகளும் 12 வோல்ட்டில் 20 வாட் எடுக்கட்டும். 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளில் 30 வாட்.

பழைய கார்டுடன் 12 வோல்ட் பாதையின் சுமை 75 + 80 + 20 = 175 வாட். மின்னோட்டம் 14.6 ஆம்பியர், பெட்டியின் 27 ஆம்பியரில் இது 54 சதவீதம்.

புதிய கார்டுடன் 170 + 80 + 20 = 270 வாட். மின்னோட்டம் 22.5 ஆம்பியர், இது 83 சதவீதம்.

கணக்கின்படி பெட்டி தாங்குகிறது. ஆனால் கார்டைத் தயாரித்த என்விடியா நிறுவனமோ இக்கார்டுக்கு 550 வாட் பெட்டியைப் பரிந்துரைக்கிறது. நம் மொத்தத் தேவை 270 + 30 = 300 வாட் மட்டுமே எனும்போது எதற்கு 550? நம்மிடம் எந்த மையச் செயலி இருக்கிறது, பெட்டி தரமானதா மட்டமானதா என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. எல்லாருக்கும் பொருந்தும்படி தாராளமாக ஓர் எண்ணைச் சொல்கிறது. நம்மிடம் உள்ள பொருள்களை நாமே அறிந்திருப்பதால், நாம் இன்னும் நுட்பமாகக் கணக்கிடலாம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். புதிய கார்டு என்றாலே அதிக மின்சாரம் என்பதில்லை. 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டின் அளவு 115 வாட்; 2016-இன் ஜி.டி.எக்ஸ். 1060 கார்டின் அளவோ 120 வாட். புதியதன் வேகம் பன்மடங்கு கூடுதல். மின்சாரமோ சற்றுக் குறைவு. நம் கணிப்பொறியில் இந்த 4060-ஐப் பொருத்தினால் 12 வோல்ட் சுமை 215 வாட், 18 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, 66 சதவீதம். மறுகோடியில், 2025-இன் ஆர்.டி.எக்ஸ். 5090 தனியாகவே 575 வாட் கேட்கிறது. எனவே கார்டின் பெயரைப் பார்க்காமல் அதன் வாட்டைப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தாவல்கள்

இதுவரை போட்ட கணக்கு சராசரிக் கணக்கு. கிராபிக்ஸ் கார்டோ சீராக மின்சாரம் எடுப்பதில்லை. திரையில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அதன் பல கோடி டிரான்சிஸ்டர்கள் ஓய்ந்து, பிறகு ஒருசேர விழித்தெழுகின்றன. அந்தக் கணத்தில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு, கார்டு தன் அளவைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இழுக்கக்கூடும்.

இத்தாவல்கள் பெருந்தொல்லையாகவே, 2022-இல் வெளியான ஏ.டி.எக்ஸ். 3.0 விதிகள் இதற்கென ஒரு சோதனையைச் சேர்த்தன. 16 ஊசி இணைப்பியுள்ள, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் தம் அளவைப்போல் இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ வினாடி நேரம் தாங்கவேண்டும் என்பது அது. பழைய பெட்டிகள் இச்சோதனையை அறியாதவை.

தாவலின்போது கைகொடுப்பவை பெட்டியின் வெளிவாயிலில் உள்ள மின்தேக்கிகள். வீட்டின் மேல்நிலைத் தொட்டியைப்போல, திடீரென்று எல்லாக் குழாய்களும் திறக்கப்படும்போது சேமிப்பிலிருந்து அவை தருகின்றன. ஆனால் ஒவ்வொரு மின்தேக்கிக்கும் ஓர் உள்தடை உண்டு. புதிய நிலையில் மொத்த உள்தடை 0.01 ஓம் என்று கொள்வோம். மின்னோட்டம் திடீரென 15 ஆம்பியர் உயர்ந்தால், ஓம் விதிப்படி மின்னழுத்தம் 0.15 வோல்ட் இறங்கும். 12 வோல்ட் 11.85 ஆகும், குற்றமில்லை. மின்தேக்கிகள் மூப்படைந்து உள்தடை நான்கு மடங்காகிவிட்டால் இறக்கம் 0.6 வோல்ட். 12 வோல்ட் 11.4 ஆகிவிடும். ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது பல ஆண்டுகள் வழக்கிலிருந்த விதி, 11.4 வோல்ட் அதன் கடைசி எல்லை. அதற்குக் கீழே போனால் கணிப்பொறி தானே மறுபடி தொடங்கும். அல்லது பெட்டியின் காப்புச் சுற்று விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். பாதி எழுதிய கோப்பு அத்தோடு போயிற்று.

"மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக 12 வோல்ட் காட்டுகிறது" என்று சிலர் கூறுவர். சாதாரண மல்டிமீட்டர் வினாடிக்குச் சில முறைதான் அளக்கிறது. வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிகழும் இறக்கம் அதற்குப் புலப்படாது.

மின்தேக்கிக்கும் முதுமை உண்டு

உள்தடை ஏன் உயர்கிறது? பெட்டியில் உள்ள பெரிய மின்தேக்கிகள் பெரும்பாலும் அலுமினியத் தகடுகளால் ஆனவை. தகட்டின் மேல் படிந்துள்ள மிக மெல்லிய ஆக்ஸைடு படலமே மின்கடத்தாப் பொருள். அதனோடு தொட்டுக்கொண்டிருப்பது, காகிதத்தில் ஊறியிருக்கும் மின்பகுளி என்ற திரவம். உருளையின் அடியில் ரப்பர் அடைப்பு இருந்தாலும், ஆண்டுக்கணக்கில் இத்திரவம் ஆவியாகி அதன் வழியே கசிந்துகொண்டேயிருக்கும். திரவம் குறையக் குறைய மின்தேக்குத்திறன் குறைகிறது, உள்தடை ஏறுகிறது.

வெப்பம் ஏறினால் இவ்வேலை விரைவாகும். வேதிவினைகளின் வேகம் வெப்பநிலையோடு எப்படி உயர்கிறது என்பதற்கு ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1889-இல் ஒரு சமன்பாடு தந்தார். பின்னர் 1903-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அச்சமன்பாட்டை ஒட்டி, பொறியாளர்கள் எளிய விதியொன்றைப் பயன்படுத்துகிறார்கள்: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் மின்தேக்கியின் ஆயுள் இரட்டிக்கும், 10 டிகிரி ஏறினால் பாதியாகும்.

மின்தேக்கியின் மேல் "105° செ." என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 75 டிகிரியில் 16,000 மணியும், 65 டிகிரியில் 32,000 மணியும் உழைக்கும். நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால், முன்னது ஐந்தரை ஆண்டு. பின்னது ஏறத்தாழ 11 ஆண்டு. 10 டிகிரி செய்யும் வேலையைப் பாருங்கள்!

இப்போது நம் புதிய கார்டுக்குத் திரும்புவோம். பெட்டியின் பயனுறுதிறன் 80 சதவீதம் என்று கொள்வோம். பழைய கார்டுடன் மொத்த வெளியீடு 205 வாட். சுவரிலிருந்து எடுப்பது 256 வாட். மீதி 51 வாட் பெட்டிக்குள் வெப்பமாகிறது. புதிய கார்டுடன் வெளியீடு 300 வாட். உள்ளீடு 375 வாட். வெப்பம் 75 வாட். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அறையின் வெப்பநிலை 35 டிகிரியாகவும், மின்தேக்கி அதைவிட 25 டிகிரி கூடுதலாகவும் முன்பு இருந்திருந்தால், இப்போது 36 அல்லது 37 டிகிரி கூடும். 60 டிகிரி 72 ஆகிறது. விசிறி வேகமாகச் சுழன்று இதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். அது குறைக்காவிட்டால், மிச்சமிருக்கும் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். சென்ற எட்டு ஆண்டு பழகிய வேகத்தில் பெட்டி இனி மூப்படையாது.

மூப்பும் சுமையும் கைகோக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கணக்கு. சுவர் மின்சாரம் ஒரே ஒரு சுழற்சி தவறினால், அதாவது 20 மில்லி வினாடி இல்லாமற்போனால், பெட்டியின் பெரிய மின்தேக்கிதான் கணிப்பொறியைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். யூ.பி.எஸ். மின்கலத்துக்கு மாறும் சிறு இடைவெளியிலும் இதே வேலைதான். மின்தேக்கி 270 மைக்ரோபாரட் என்றும், 380 வோல்ட்டிலிருந்து 280 வோல்ட் இறங்கும்வரை பெட்டி வேலை செய்யும் என்றும் கொள்வோம். சேமித்த ஆற்றல், மின்தேக்குத்திறன் × மின்னழுத்தத்தின் வர்க்கம் என்பதில் பாதி. இந்த இறக்கத்தில் கிடைப்பது 8.91 ஜூல். முதுமையால் மின்தேக்குத்திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் கிடைப்பது 7.13 ஜூல். இவற்றை உள்ளீட்டு வாட்டால் வகுத்தால் தாங்கும் நேரம் வரும்:

புதிய பெட்டி, பழைய கார்டு — 35 மில்லி வினாடி
மூத்த பெட்டி, பழைய கார்டு — 28 மில்லி வினாடி
புதிய பெட்டி, புதிய கார்டு — 24 மில்லி வினாடி
மூத்த பெட்டி, புதிய கார்டு — 19 மில்லி வினாடி

முதல் மூன்றும் 20 மில்லி வினாடி இடைவெளியைக் கடந்துவிடுகின்றன. நான்காவது மட்டும் தவறுகிறது. மூப்பு தனியாக வந்தபோது பெட்டி தாங்கியது. சுமை தனியாக வந்தாலும் தாங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது விழுந்தது. "எட்டு வருஷமாக நன்றாக ஓடியதே" என்ற வாதத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. பெட்டி நலிந்துகொண்டுதான் வந்தது. பழைய கார்டின் சிறிய சுமை அந்த நலிவை மறைத்து வைத்திருந்தது.

எப்போது மாற்றலாம், எப்போது வைத்துக்கொள்ளலாம்?

இவ்வளவும் தெரிந்தபின் முடிவெடுப்பது கடினமன்று. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, 12 வோல்ட் சுமை எவ்வளவு? மேலே கண்டவாறு கூட்டிப் பாருங்கள். சீட்டில் உள்ள ஆம்பியரில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. இஃது இயற்கை விதியன்று. தாவல்களுக்கும் முதுமைக்கும் இடம் வைக்கும் நடைமுறை எல்லை.

இரண்டாவது, பெட்டியின் வயது என்ன? தரமான பெட்டிகளுக்கு 5, 7, 10 ஆண்டு என்று உத்தரவாதம் தருகிறார்கள். தன் மின்தேக்கிகளின் ஆயுளைப் பற்றித் தயாரிப்பாளர் தாமே போட்ட கணக்கு அது. அக்காலம் கடந்திருந்தால், சுமை கூடும் சமயமே மாற்றவேண்டிய சமயம்.

மூன்றாவது, வேண்டிய இணைப்பி இருக்கிறதா? கார்டு 8 ஊசி வயர் கேட்க, பெட்டியில் அது இல்லையென்றால், அவ்வளவு சுமைக்கு அப்பெட்டி வகுக்கப்படவில்லை என்று பொருள். வட்டுக்குரிய வயரிலிருந்து 8 ஊசிக்கு மாற்றித் தரும் துண்டு வயர்கள் கடையில் கிடைக்கும். வயரின் முனையை மாற்றுவதால் பெட்டியின் வலிமை கூடாது. மெல்லிய வயரில் பெரிய மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறும்.

நம் எடுத்துக்காட்டில், எட்டு வயதான பெட்டி, 83 சதவீதச் சுமை, 3060 கார்டு என்றால் பெட்டியையும் மாற்றுவதே முறை. அதே பெட்டி நான்கு வயதுடையதாய், தரமானதாய், 8 ஊசி வயரும் உடையதாய் இருந்து, 66 சதவீதச் சுமை தரும் 4060 கார்டைப் பொருத்துவதானால், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். நல்ல பெட்டியைத் தூக்கியெறிவது பணத்துக்கும் கேடு, குப்பைமேட்டுக்கும் கேடு.

கையில் பணம் போதாதவர்களுக்கு ஓர் இடைவழியும் உண்டு. சில்லின் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கச் செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. இரண்டையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.729. வேகத்தில் ஒரு பங்கை இழந்து, மின்திறனில் கால் பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கிறோம். பல கார்டுகளில் மென்பொருள் மூலமாகவே மின்திறனுக்கு மேல்வரம்பு வைக்கலாம். சுமை எல்லைக்குச் சற்றே மேல் போகும் இடங்களில் இது உதவும். ஆனால் மூத்துப்போன மின்தேக்கியை இது இளமையாக்காது.

புதிய பெட்டி வாங்கும்போது "80 பிளஸ்" என்ற முத்திரையைக் காண்பீர்கள். 2004-இல் தொடங்கிய இம்முத்திரை பயனுறுதிறனைக் குறிப்பது. மின்சாரம் எவ்வளவு வீணாகும் என்பதைச் சொல்லுமே தவிர, மின்தேக்கி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்லாது. உத்தரவாதக் காலத்தையும் 12 வோல்ட் ஆம்பியரையும் சேர்த்துப் பாருங்கள்.

உயிருக்கும் பொருளுக்கும் காப்பு

பெட்டியின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது. பழைய பெட்டியைப் "பிரித்துத் துடைத்து" சரிசெய்யும் ஆசையை விட்டுவிடுங்கள்.

பெட்டியை மாற்றும்போது வயர்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். வயர்களைத் தனியே கழற்றக்கூடிய பெட்டிகளில், கார்டுப் பக்கத்து முனைக்கு விதி உண்டு. பெட்டிப் பக்கத்து முனை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு மாதிரி. பழைய வயர் புதிய பெட்டியில் அழகாகப் பொருந்தி, 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 வோல்ட்டை அனுப்பிவிடலாம். வட்டும் அதிலுள்ள படங்களும் ஒரு நொடியில் பாழாகும்.

இணைப்பியை இறுதிவரை அழுத்திச் செருகுங்கள். 16 ஊசி இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு ஆறு ஊசிகள். 600 வாட்டுக்கு 50 ஆம்பியர், ஊசிக்கு 8.3 ஆம்பியர். அரைகுறையாகச் செருகினால் சில ஊசிகள் மட்டுமே தொட்டு, அவற்றின் மேல் முழுச் சுமையும் விழும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு என்பதை மறவாதீர்கள். 2022-இல் பெரிய கார்டுகள் சிலவற்றில் இணைப்பிகள் உருகியதற்கு, முழுதும் செருகாமல் விட்டதும் ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது.

நீங்களே கணக்கிடுங்கள்

ஒரு கணிப்பொறியில் 250 வாட் கார்டு, 12 வோல்ட் பாதையில் 120 வாட் எடுக்கும் மையச் செயலி, அதே பாதையில் 25 வாட் எடுக்கும் பிற உறுப்புகள் இருக்கின்றன. பெட்டியின் சீட்டில் மொத்தம் 550 வாட் என்றும், 12 வோல்ட்டுக்கு 38 ஆம்பியர் என்றும் உள்ளது. வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உத்தரவாதம் ஐந்து ஆண்டு. என்ன செய்வீர்கள்?

விடை: சுமை 395 வாட்; மின்னோட்டம் 32.9 ஆம்பியர், சீட்டில் உள்ளதில் 87 சதவீதம். சுமையும் எல்லை மீறுகிறது. வயதும் எல்லை மீறுகிறது. பெட்டியை மாற்றிய பிறகே கார்டைப் பொருத்தவேண்டும்.

இதே கணக்கை உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போனால், கடைக்காரர் கேட்கும் கேள்வி சாமானைத் தலையில் கட்டுவதற்கா, நம் நன்மைக்கா என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.